புத்தூர் வீடும் மகளின் இரண்டு வருடமும்

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். திருச்சியில் ஒரு பதிவு அலுவலகத்தின் வாசலில், வேப்பமரத்தடியில், எனக்கு ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. வீடு விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதை முத்திரைத்தாளுக்கு ஏற்ற மொழியில் எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்தத் தெருவில் மனை என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில், ஒரு நீளமான வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி, ஒரே மகள். முன்கட்டில் இருந்தவர் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அவருக்கும் ஒரு பெண், என் மகளைவிட மூன்று மாதம் மூத்தவள். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சண்டை போட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. என் மனைவி டைஃபாய்டு வந்து ஒன்றரை மாதம் படுத்த படுக்கையாக இருந்தபோது, என் மகள் முன்கட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே அந்தப் பெண்ணோடு ஒரே பாயில் தூங்கினாள். அந்த வீட்டு மாமி அதை ஒரு உதவி என்றுகூட நினைத்ததில்லை. மழை நாட்களில் இரண்டு பேரையும் என் சைக்கிளில் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவேன். அந்தப் பெண் எப்போதும் முன்னால்தான் உட்காருவாள். மணியை அடிக்கும் உரிமை அவளுடையது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்று யோசித்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது. ஓட்டுக் கட்டடம், தமிழில் பாடம், இங்கிலீஷ் என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தோடு சரி. என் மேசைக்கு வருகிறவர்களோ வேறு மாதிரி பேசினார்கள். மனை வாங்க வருகிறவரிடம், ஏன் இந்தத் தெரு என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பேன். பத்தில் ஏழு பேர், பிள்ளை படிக்கிற கான்வென்ட் பக்கம் என்பார்கள். கான்வென்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் மனை விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முறை ஒரு பேங்க் அதிகாரி தன் மகனையும் அழைத்து வந்திருந்தார். ஆறு வயதுப் பொடியன். நான் எழுதிவைத்திருந்த இங்கிலீஷ் முகவரியில் ஒரு எழுத்து தப்பு என்று விரலை வைத்துக் காட்டினான். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய், காரணமே இல்லாமல் சாப்பாட்டில் உப்பில்லை என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். உறையூர், தென்னூர், புத்தூர் என்று தெருத் தெருவாகச் சுற்றினேன். ஊரில் வெள்ளம் புகுந்து வடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. சிலர் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். மறைத்தவர்கள் விற்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் மறைக்காத சுவர்களாகப் பார்த்து, கோடு எந்தத் தெருவில் முழங்காலுக்கு இருக்கிறது, எந்தத் தெருவில் கணுக்காலோடு நின்றுவிட்டது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். மனைவி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று கேலி செய்தாள். அப்போதெல்லாம் அவள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

புத்தூரில் ஒரு தெரு அகப்பட்டது. வெள்ளக் கோடு கணுக்கால் அளவு. தெரு முனையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கான்வென்ட். வீடு சின்னதுதான், இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம். ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து வாங்க ஆள் இல்லாத நேரம், விலை இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் போனால் இந்தத் தெருவை எட்டிப்பிடிக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மனைவியின் நகை, கிராமத்தில் இருந்த என் பங்கு நிலம், எல்லாம் அதில் போயிற்று. பள்ளிக்கூடத் தெருவிலேயே வீடு இருந்தால் பள்ளியில் இடம் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வில்லங்கம் பார்க்கச் சொல்லி யோசனை சொல்கிறவன், நேராகப் போய் ஒரு வார்த்தை பள்ளியில் கேட்கவில்லை.

கிரையம் முடிந்து, பால் காய்ச்சி, குடிவந்த மறுநாள்தான் போய்க் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி பொறுமையாகச் சொன்னார். தமிழ் மீடியத்தில் நாலாவது முடித்த குழந்தைக்கு இங்கே ஐந்தாவது பாடம் ஒன்றும் புரியாது. மூன்றாவதில் போட்டால்தான் சமாளிக்கும். ஆனால் மூன்றாவதில் எட்டு வயதுக்கு மேல் எடுப்பதில்லை. என் மகளுக்கு ஒன்பது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

வீட்டை முடித்துக் கொடுத்த தரகர் எதிரில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவருக்கு இதெல்லாம் ஒரு சங்கடமே இல்லை.

“ஏண்ணே, பிள்ளை ஆளு சின்னதாத்தானே இருக்கு. எங்க பொறந்துச்சு?”

என் மாமியார் வீடு திருவெள்ளறையில். மகள் பிறந்தது அங்கே, அந்த வீட்டுக் கூடத்தில். பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. அதைச் சொன்னதும் தரகர் சிரித்தார். பதியாத பிறப்புக்கு நீங்கள் எழுதுவதுதானே தேதி, பத்திரம் எழுதுகிறவருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா என்றார்.

சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து நானே எழுதினேன். பிறந்த தேதியைத் தள்ளிப் போட்டு, குழந்தையின் வயதில் இரண்டு வருடத்தைக் குறைத்தேன். பழைய பள்ளியின் டி.சி.யைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே மேற்படி குழந்தை உடல்நலக் குறைவு காரணமாக இதுகாறும் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை, வீட்டிலேயே கல்வி கற்பிக்கப்பட்டது, இவை யாவும் மெய் என உறுதி கூறுகிறேன் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பதிவு அலுவலகத்தில் பேர் உண்டு. அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. மனைவி கதவோரம் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தையோட ரெண்டு வருஷத்தை எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். இந்த வீட்டை வாங்கியது யாருக்காக, அவள் நாளைக்கு நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டாமா என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். ஸ்ரீரங்கத்தில் யாரிடமும் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லிவிடாதே என்றும் மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் கஷ்டம். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. உனக்கு என்ன வயது, ஏழரை. இதற்கு முன் எங்கே படித்தாய், வீட்டில். எந்த ஊர், திருவெள்ளறை. அவள் சட்டென்று கற்றுக்கொள்கிற பெண். ஆனால் முதல் நாள் ஒரு சந்தேகம் கேட்டாள். நாலாவது வகுப்பில் வாங்கிய பரிசுப் புத்தகத்தை என்ன செய்வது என்றாள். அதை அட்டையோடு பரணில் போட்டேன். இரண்டாவது நாள் இன்னொன்று கேட்டாள். ஸ்ரீரங்கத்துத் தோழியைப் பார்க்கப் போகலாமா என்று. கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

தேர்வு வைத்த சிஸ்டர் நல்லவர். வயதானவர், மெதுவாகப் பேசுவார். என் மகள் தமிழ் வாசித்த விதத்தைப் பார்த்து அசந்துபோய், வீட்டிலேயே இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களே என்று என்னைப் பாராட்டினார். நான் கைகூப்பினேன். மகள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. நீல நிறப் பாவாடை, வெள்ளைச் சட்டை, டை. தெருவில் எல்லோரும் பார்க்க அவள் நடந்து போனாள். தெரு முனை வரை நான் வாசலில் நின்று பார்த்தேன், எனக்குக் கண் நிறைந்துபோயிற்று.

ஏழு மாதம் நன்றாகத்தான் போயிற்று, அதாவது எனக்கு. அவள் வகுப்பில் எல்லோரையும்விட அரைச் சாண் உயரம். கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது அவளுக்கு விளையாட்டாக இல்லை. அவள் கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் எப்போதோ தாண்டி வந்தவள். தெரியாத மாதிரி மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டாள். இதை அவள் சொல்லவில்லை, மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். பழகிவிடும் என்றேன்.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் கான்வென்ட்டில் தமிழ்ப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். பக்கத்துப் பள்ளிகளையும் அழைத்திருந்தார்கள். பெற்றோரும் வரலாம். நான் மேசையைக் கட்டிவைத்துவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மைதானத்தில் சாமியானா போட்டு, பிள்ளைகளை வகுப்பு வாரியாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு என்று அட்டையில் எழுதி முன்னால் ஒரு குச்சியில் மாட்டியிருந்தார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் என் மகள். பக்கத்தில் பெற்றோருக்கான நாற்காலியில் நான்.

வெளிப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அதில் ஒரு பெண், ரெட்டைச் சடையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு எங்களை நோக்கி ஓடிவந்தாள். முன்கட்டுப் பெண். ஓடிவந்த வேகத்தில் என் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் மட்டும் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அந்த அட்டையைப் பார்த்தாள்.

“நீ ஏன்டீ மூணாங்கிளாஸ்ல உக்காந்துண்டிருக்கே? என்னோட நாலாங்கிளாஸ் முடிச்சியோல்லியோ?”

வகுப்பு டீச்சராக இருந்த இளம் சிஸ்டர் இரண்டு எட்டில்தான் நின்றிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண் யார் என்று என் மகளிடம் இங்கிலீஷில் கேட்டார். என் மகள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“ஐ டோன்ட் நோ ஹர், சிஸ்டர்.”

இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது, ஏழே மாதத்தில் தப்பில்லாமல் இங்கிலீஷ் பேசுகிறாளே என்பதுதான். அதற்காகத்தானே இத்தனையும் செய்தேன். அடுத்த நொடி அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை, ஏதோ விளையாட்டு என்று நினைத்து உதட்டில் பாதிச் சிரிப்போடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“மாமா, நீங்களாவது சொல்லுங்கோ மாமா.”

சிஸ்டரும் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“வேற யாரோன்னு நெனச்சிருக்கு போல, சிஸ்டர். நாங்க ஸ்ரீரங்கமே இல்ல” என்றேன்.

ஸ்ரீரங்கம் என்று யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. நல்லவேளையாக சிஸ்டர் அதைக் கவனிக்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கவனித்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. என் சட்டையைப் பார்த்தாள், என் செருப்பைப் பார்த்தாள், தான்தான் ஆள் மாறிப் பேசிவிட்டோமோ என்று சரிபார்ப்பதைப் போலப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய டீச்சர் வந்து, வரிசையை விட்டு ஓடிவந்ததற்காகத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள்தான் அந்தப் பள்ளியிலிருந்து பேச வந்தவள். அவள் முறை வந்தபோது மேடையேறி, வணக்கம் சொல்லி, நான்கைந்து வாக்கியம் கணீரென்று பேசினாள். பிறகு கூட்டத்தில் எங்கள் பக்கம் பார்த்தாள், நின்றுவிட்டாள். கீழேயிருந்து அவள் டீச்சர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. பெருவிரலால் மேடைப் பலகையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் இறக்கி அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

இது மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் தனியாக பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டு வந்தாள். மாமி எதையும் கேட்கவில்லையாம். மோர் கொடுத்தாளாம், குங்குமம் கொடுத்தாளாம், குழந்தைகள் சமாச்சாரம், இதற்குப் போய் இவ்வளவு தூரம் அலைவார்களா என்றாளாம். அந்தப் பெண் மட்டும் உள்ளேயிருந்து வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தும் வரவில்லை. மனைவி இதையெல்லாம் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, நீங்களும் ஒரு தடவை போய் அந்தக் குழந்தையிடம் பேசிவிட்டு வாருங்கள் என்றாள். போகிறேன் என்றேன்.

போகவில்லை. பயம்தான். போய் உண்மையைச் சொன்னால் அது நாலு பேர் வாயில் விழும், பள்ளி வரை வரும், மகளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அவள் படித்து முடித்து டி.சி. கையில் வரட்டும், அப்புறம் போய்க் காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். பத்து வருடத் தவணை. அத்தனை வருடமும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு நாங்கள் குடும்பமாகப் போகவில்லை. ஏகாதசிக்கு ஊரே பாலத்தில் நடந்து போகும், நாங்கள் வீட்டில் இருப்போம். மனைவி கேலி செய்வதை எப்போது நிறுத்தினாள் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நிறுத்திவிட்டாள்.

மகள் நன்றாகப் படித்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வருவாள். ஆனால் பள்ளியிலிருந்து ஒரு தோழியை ஒரு நாளும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. பள்ளியோ தெரு முனையில். சாயங்காலம் பிள்ளைகள் கும்பல் கும்பலாக எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். அவள் தனியாக வந்து, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. வீட்டில் அவளுடைய நட்சத்திரத்தன்று மனைவி பாயசம் வைப்பாள். சின்ன வயதில் அன்றைக்கு மட்டும், இப்போது எனக்கு எத்தனை வயதும்மா என்று அம்மாவிடம் கேட்பாள். பிறகு அதையும் கேட்பதில்லை.

இதற்கு நடுவே தெருவின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரிகள் வந்தன, கடைகள் வந்தன, பஸ் வசதி வந்தது. நான் வாங்கியதைப் போல ஆறு மடங்கு கொடுக்கிறேன் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். என் மேசைக்கு வருகிறவர்கள், சாருக்குத்தான் இடம் பார்க்கத் தெரியும் என்பார்கள். ஆரம்பத்தில் அதைக் கேட்க எனக்கு இனிக்கும். போகப் போக, அந்தப் பேச்சு வந்தாலே பேனாவை எடுத்துக் குனிந்துகொள்வேன்.

பிளஸ் டூ முடிந்து டி.சி. கைக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே நான் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன், தனியாக. அடையவளஞ்சான் தெருவில் அந்த வீட்டின் முன்கட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மடப்பள்ளிக்காரர் மூன்று வருடத்துக்கு முன்பே வேறு ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும் ஒருவர் சொன்னார். நான் யார் என்று கேட்டார். இங்கே பின்கட்டில் குடியிருந்தவன் என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மகள் கல்லூரிக்கு கோயம்புத்தூரைக் கேட்டாள். பிள்ளைகளைப் படிக்க வைக்க ஊர் ஊராக எல்லோரும் திருச்சிக்கு வருகிறார்கள். அவள் நடந்து போகிற தூரத்தில் நல்ல கல்லூரி இருந்தது. அங்கேயும் விண்ணப்பித்து இடமும் கிடைத்தது. எனக்கு ஹாஸ்டல்தான் வேண்டும் என்றாள். காரணம் சொல்லவில்லை. லீவுக்கு வருவாள், நாலு நாள் இருப்பாள், மூன்றாவது நாளே துணிகளை மடித்து வைக்க ஆரம்பிப்பாள்.

எண்பதுகள் முடியும் சமயம் எனக்கு நெஞ்சுவலி வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவள் வந்து கூட இருந்தாள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு எனக்கு ஒரு அவசரம் பிடித்துக்கொண்டது. வீட்டை உடனே அவள் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட வேண்டும். எத்தனையோ அப்பாக்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். ஒரு மத்தியான வேளையில், சாப்பாடு முடிந்து, கூடத்தில் உட்கார்ந்து வரைவு எழுத ஆரம்பித்தேன். என் பேர், என் வயது எழுதினேன். அவள் பேர் எழுதினேன். அடுத்து வயது. பேனா அங்கே நின்றுவிட்டது. பள்ளிச் சான்றிதழில் பதினெட்டு. ஜாதகத்தில் இருபது. முப்பது வருடம் இதே வேலையாக இருந்தவனுக்கு என் சொந்த மகளின் வயதை எழுதத் தெரியவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து எனக்கு மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்த வயதைப் போடட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

“எனக்கு இந்த வீடு வேண்டாம்ப்பா. அம்மாவுக்கு எழுதுங்க” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினொரு வருடமாக வாயில் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெண் என்னைக் கேட்டபோது தெரியாது என்று சொன்னது பெரிய பாவம், அதற்காக நான் தூங்காத நாள் உண்டு, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

“நீங்க தெரியாதுன்னு சொன்னதை நான் என்னைக்குமே தப்பா நினைக்கலப்பா. உங்களுக்கு அப்ப வேற வழி இல்ல.” மறுபடி எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். “அன்னைக்கு சாயங்காலம் என்னை நாலு ரோடு பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. என் பிறந்தநாளுக்குக்கூட நீங்க கேக் வாங்கினது கிடையாது. அன்னைக்கு வாங்கிக் கொடுத்தீங்க. சமத்துன்னு சொல்லித் தலையைத் தடவினீங்க. இன்னொண்ணு வேணுமான்னு கேட்டீங்க. நான் வேணும்னேன். ரெண்டு சாப்பிட்டேன்ப்பா.”

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளின் ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு மனப்பாடம். அந்தப் பெண் தலையில் வைத்திருந்த பூ, அட்டையின் எழுத்து, என் வேட்டி, எல்லாம் தெரியும். பேக்கரி மட்டும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. வாங்கிக் கொடுத்திருப்பேன். அவள் இப்படி ஒன்றை இட்டுக்கட்ட மாட்டாள். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்துக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

“எனக்கு அது ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“பரவால்லப்பா. மாத்திரையைப் போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.